டெலிட் ஒரே ஒரு தடவை வேலை செய்தது

இருட்டு இல்லை. மழை இல்லை. கரண்ட் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். பேய்க் கதைக்கு வேண்டிய எதுவும் அன்று இல்லை. அதனாலேயே நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்ப வைக்க எனக்கும் இப்போது தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனால் நான் குறித்திருக்கும் நேரங்களில் பாதி போலீஸ் ஃபைலிலும் இருக்கின்றன.

நான் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். எங்களுக்கெல்லாம் சீனியர் ஒருவர் இருந்தார். ஸ்கேல் சார் என்போம். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டைக்கூட ஒரு இரும்பு ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்து பார்க்கிற ஆள். அப்படி அளந்தால் சரியாக வராது என்று அவருக்கும் தெரியும். கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் முதலாளிக்கு, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன்மேஜையில் ஒரு ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்று ஆசை. வாங்கி வைத்தார். ஸ்கேல் சாரை அதில் உட்காரச் சொன்னார். ஆனால் நாங்கள் வரைகிற மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் மேக்குக்குள் விண்டோஸைப் போட்டு, அந்த விண்டோஸுக்குள் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது அவர் கஷ்டம்.

பதினைந்து வருடம் ஒரே மாதிரி பழகிய விரல்கள். கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் கமாண்ட் என்று வேறு கீ. கோடு நேராகப் போவதற்கு எஃப் எட்டு என்ற கீயை அழுத்தினால் மேக்கில் பாட்டு ஓடும். எல்லாவற்றையும் விட மோசம் டெலிட். அந்தக் கீபோர்டில் டெலிட் என்று எழுதியிருக்கும் கீ நிஜமான டெலிட் இல்லை. அதை அழுத்தினால் 'டொங்' என்று ஒரு சத்தம் வரும், கோடு அப்படியே இருக்கும். மூலையில் இருக்கும் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்தினால்தான் அழியும். நாள் முழுக்க அவர் மேஜையிலிருந்து 'டொங்... டொங்...' கேட்டுக்கொண்டே இருக்கும்.

"புதுசாக் கல்யாணமான பொண்ணு மாமியார் வீட்டு சமையல்கட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறேன்மா," என்பார். "எல்லா டப்பாவும் இருக்கு. உப்பு எதுலன்னுதான் தெரியல."

கடைசியில் எந்தக் கீக்கு எந்தக் கீ என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். அச்சடித்த மாதிரி எழுத்து.

அப்போதுதான் அந்தப் பெண்கள் விடுதி வேலை வந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் வராந்தாவின் கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே, சுவரை ஒட்டித் தரை வரைக்கும் ஓர் இரும்புப் படிக்கட்டு. தீப்பிடித்தால் இறங்குவதற்கு. அந்தப் படிக்கட்டு வருகிற இடம் விடுதிக்காரருக்குக் கார் நிறுத்த வேண்டியிருந்தது. எடுத்துவிடச் சொன்னார். முதலாளி சரி என்றார். ஸ்கேல் சார் முடியாது என்றார். படி இல்லாமல் கதவு எதற்கு, எடுத்தால் இரண்டையும் எடுங்கள், ஆனால் என் கையால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மனைவியின் கண் ஆபரேஷனுக்காக நான்கு நாள் லீவில் போனார்.

இரண்டாம் நாள் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் படியை மட்டும் எடுத்துவிடு என்றார். வரைபடத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஸ்கேல் சார் பெயர் இருந்தது. "பேர் மாத்தணுமா சார்?" என்று கேட்டேன். "வேண்டாம். அவர் பேரே இருக்கட்டும்," என்றார்.

என்னுடையது சாதாரண விண்டோஸ் மெஷின். டெலிட் ஒழுங்காக வேலை செய்தது. மொத்தம் நான்கு நொடி.

கதவு மட்டும் அப்படியே நின்றது. கட்டி முடித்தபோது அதன் மேல் பச்சை விளக்கில் 'அவசர வழி' என்று போர்டுகூட மாட்டினார்கள். உள்ளே ஒரு தாழ்ப்பாள். திறந்தால் வெளியே ஒன்றுமில்லை. அடுத்த ஏழாம் மாதம் மூன்றாம் மாடியில் ஓர் அறையிலிருந்து புகை கிளம்பியது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயது, பச்சை விளக்கைப் பார்த்து ஓடினாள். தாழ்ப்பாளை விலக்கினாள். காலை வெளியே வைத்தாள்.

விசாரணை வந்தது. வரைபடத்தில் இருந்தது ஸ்கேல் சார் பெயர். அவரை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். வேலை போய்விடும் என்று பயம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவது தடவை விசாரணைக்குப் போன ஸ்கேல் சார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். மாரடைப்பு. மடியில் ஃபைல். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்னைத் தனியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"நீ கூடவே இருந்தவ. அவர் அதை அழிச்சிருப்பாராம்மா?"

"தெரியலக்கா."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் "சரி" என்றார். அழவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் எடுத்துப் போகப் போகிறார்கள். அந்த மேக்கில் படிக்கட்டோடு கூடிய பழைய வரைபடம் ஒன்று அப்படியே இருக்கிறது. ஃபைல் இருக்கட்டும், படி மட்டும் இருக்கக் கூடாது. ஸ்கேல் சார் மெஷினிலேயே, அவரே அழித்த மாதிரி இருக்கும், தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். இதுதான் முதலாளி சொன்னது.

"அழிச்சது உன் கைதான். மறந்துடாத," என்றார்.

அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், விடுதியில் அந்த மூன்று கதவையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும்.

இப்படித்தான் அந்த ஞாயிறு மதியம் நான் அங்கே போனேன்.

2.10. சாவி போட்டுத் திறந்தேன். ஆள் இல்லாத அலுவலகம். ஜன்னல் வழியாக நல்ல வெயில். முன்மேஜையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. திரையிலும் தூசி. மவுஸிலும் தூசி.

கீபோர்டில் மட்டும் தூசி இல்லை.

யாராவது துடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2.24. விண்டோஸ் வந்தது. மென்பொருள் திறந்தது. விடுதி வரைபடம் கிடைத்தது. மூன்று மாடி, மூன்று கதவு. மூன்றாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் ஐம்பத்து நான்கு படி. எல்லாம் சிவப்புக் கோடு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இனிமேல் கட்டப் போவதைச் சிவப்பில் வரைவோம். கட்டி முடித்ததைக் கறுப்பில் வரைவோம்.

படிக்கட்டு முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். பழக்க தோஷத்தில் டெலிட் அடித்தேன்.

'டொங்.'

மஞ்சள் சீட்டைப் பார்த்தேன். எஃப்என், கூடவே டெலிட். அழுத்தினேன். அழியவில்லை. மேலே, மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே, முதல் படி கறுப்பாக மாறியது.

ஏதோ கீ மாறி விழுந்து நிறம் மாறிவிட்டது என்று நினைத்தேன். செய்ததைத் திரும்பப் பெற கன்ட்ரோலும் இசட்டும் அடித்தேன். இரண்டாவது படி கறுப்பானது. கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் அழுத்தினேன். மூன்றாவது படி. எஸ்கேப். நான்காவது. சீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக, நிதானமாக, விரல் வைத்துப் படித்துப் படித்து அழுத்தினேன். எதை அழுத்தினாலும் ஒரு படி. மேலிருந்து கீழாக. வரிசையாக.

2.41. கமாண்டும் க்யூவும் சேர்த்து அடித்தால் மேக்கில் எதுவாக இருந்தாலும் மூடிவிடும். ஸ்கேல் சார் தவறி அடித்துவிட்டு, அரைநாள் வேலை போச்சு என்று தலையில் கை வைத்துக்கொள்வார். வேண்டுமென்றே அடித்தேன். மூடவில்லை. பதினெட்டாவது படி கறுப்பானது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். பத்து நொடி. இருபது நொடி. திரை அணையவில்லை.

கையை எடுக்கும்போது எஃப் எட்டில் பட்டுவிட்டது.

மெஷினில் ஏதோ ஓட ஆரம்பித்தது. முதலில் வெறும் இரைச்சல். ஏசி சத்தம். நாற்காலி உருளும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"பேர் மாத்தணுமா சார்?"

என் குரல்.

"வேண்டாம். அவர் பேரே இருக்கட்டும்."

அன்றைக்கு ஸ்கேல் சார் லீவில் இருந்தார். இந்த மேக் அணைந்து கிடந்தது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திரும்ப எஃப் எட்டை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. பேர் மாத்தணுமா சார்... வேண்டாம்... பேர் மாத்தணுமா சார்... நான்கு தடவை. ஐந்தாவது தடவை பெண் குரல் வரவில்லை.

யாரோ மூச்சு விட்டார்கள்.

"இப்ப கை பழகிடுச்சும்மா."

ஸ்கேல் சார் குரல். கோபம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான்... அந்தச் சந்தோஷம்தான் என் முதுகில் ஐஸ் மாதிரி இறங்கியது.

3.04. நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். கீபோர்டுக்கும் எனக்கும் நடுவே ஐந்தடி.

டக்.

பத்தொன்பதாவது படி.

டக்... டக்...

யாரும் தொடவில்லை. கீ தானாக அழுந்தி மேலே வந்தது. நல்ல வெயிலில், என் கண் முன்னால்.

டக். டக். டக். டக்.

எழுந்து ஓட வேண்டும் என்று மூளை சொல்கிறது. நான் படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

3.13. போன் அடித்தது. முதலாளி. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"முடிஞ்சுதா?"

கீபோர்டு வேலை செய்யவில்லை என்றேன். சலித்துக்கொண்டார். கொத்தனார் சிமென்ட் எடுக்கக் கீழே போயிருக்கிறான், நான் மூன்றாம் மாடிக் கதவுகிட்ட நிற்கிறேன், காற்று வரட்டும் என்று இப்போதுதான் திறந்தேன் என்றார்.

அப்புறம் பேச்சு நின்றது.

டக். ஐம்பத்து மூன்று.

டக். ஐம்பத்து நான்கு.

கடைசிப் படி தரையைத் தொட்டது. முழுக்கக் கறுப்பு.

"ஏம்மா..." என்றார் முதலாளி. "இங்க படி இருக்கு."

நான் திரையைப் பார்த்தேன்.

"இரும்புப் படி. வரைபடத்துல இருந்த மாதிரியே. இந்த விடுதிக்காரன் நம்மகிட்ட சொல்லாமலே போட்டிருக்கான் பாரு." சிரித்தார். "இது இருந்தா நம்ம மேல கேஸே இல்லம்மா."

"சார், இறங்காதீங்க."

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு..."

டங்.

இரும்பில் செருப்பு வைக்கும் சத்தம். போனில்.

டங்... டங்...

"சார், மேல ஏறுங்க. சார்..."

டங்... டங்... டங்...

திரையில் 'வரைந்தவர்' கட்டம் காலியாக இருந்தது. ஸ்கேல் சார் பெயர் இல்லை. அங்கே கர்சர் மட்டும் விட்டு விட்டு மின்னியது. படிக்கட்டு முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. தேர்ந்தெடுத்த மாதிரி.

நான் தேர்ந்தெடுக்கவில்லை.

டங்... டங்...

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இது என் கண் முன்னால் இருக்கக் கூடாது. இது போக வேண்டும். எப்படி எழுந்தேன், எப்படி மேஜைக்குப் போனேன், தெரியாது. மஞ்சள் சீட்டு ஞாபகம் வரவில்லை. எஃப்என் ஞாபகம் வரவில்லை. விரல் பழைய பழக்கத்தில் போனது.

டெலிட். அது மட்டும். அந்த மெஷினில் ஒரு நாளும் வேலை செய்யாத கீ.

'டொங்' வரவில்லை.

படிக்கட்டு போய்விட்டது.

ஐம்பத்து நான்கு படியும். ஒரே நொடியில்.

போனில் டங் சத்தம் நின்றது.

காற்று...

அவர் கத்தவில்லை. நான் காத்திருந்தேன். அவர் கத்தவே இல்லை.

3.17.

லைன் கட் ஆனது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிமென்ட் மூட்டையோடு வந்த கொத்தனார்தான் அவரை முதலில் பார்த்தார். ஏழு மாடியிலிருந்து விழுந்தவன்கூடப் பிழைத்ததுண்டு, இவர் மூன்றிலேயே போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். என்னை வைத்துக்கொண்டே மேக்கைத் திறந்தார்கள். விடுதி வரைபடத்தில் படிக்கட்டு இல்லை. கடைசியாக மாற்றிய நேரம் ஞாயிறு 3.17. 'வரைந்தவர்' கட்டத்தில் என் முழுப் பெயர் இருந்தது, அப்பா பெயரோடு. அலுவலகத்தில் என் அப்பா பெயரை நான் எங்கேயும் எழுதியதில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளி சொன்னார், நான் அழித்தேன், ஸ்கேல் சாருக்கு எதுவும் தெரியாது. வழக்கிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். எனக்குப் பதினான்கு மாதம் தண்டனை. இனி எந்த அலுவலகத்திலும் நான் கோடு போட முடியாது. அது எனக்கு வலிக்கவில்லை.

எழுதிக் கொடுத்த மறுநாள், என்னைக் கைது செய்து கூட்டிப் போவதற்கு முன்னால், அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, அழித்தது நான்தான் என்று சொன்னேன். அக்காவுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும். அவர் சொன்னாரு," என்றார்.

எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் டெலிட்டைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது டெலிட்டைப் பற்றி யாரிடம் எழுதிக் கொடுப்பது? எந்தச் சட்டத்தில் அதற்குத் தண்டனை இருக்கிறது? முதலாளி தலைசுற்றித் தவறி விழுந்தார் என்று ஃபைலை மூடிவிட்டார்கள். நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். பயத்தில் எனக்கு ஏதேதோ தெரிந்திருக்கும், கேட்டிருக்கும். போனில் கேட்டது வேறு ஏதாவது சத்தமாக இருக்கும். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

போன மாதம், அந்த வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டரை ஒரு மருத்துவமனை வரிசையில் தற்செயலாகச் சந்தித்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். டோக்கன் கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தோம். போகும்போது, உங்க முதலாளி விஷயத்தில் ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை என்றார். விடுதியில் இரண்டு கேமரா இருந்ததாம். ஒன்று மூன்றாம் மாடி வராந்தாவில். இன்னொன்று கீழே கேட்டில்.

வராந்தா கேமராவில், அவர் காதில் போனோடு கதவைத் தாண்டியது 3.15.48. கேட் கேமராவில், உடம்பு தரையில் விழுந்தது 3.17.06. இரண்டு கடிகாரத்தையும் சரிபார்த்துவிட்டோம், ஒரு நொடி வித்தியாசம்கூட இல்லை என்றார்.

மூன்று மாடி விழ இரண்டு நொடி போதும்.

"அதுகூடப் பரவாயில்லம்மா," என்றார். "வராந்தா கேமராவுல அவர் விழவே இல்ல. நான் அம்பது தடவ போட்டுப் பார்த்துட்டேன். வலது கை எதையோ பிடிச்சிருக்கு. முதல்ல முட்டி மறையுது. அப்புறம் இடுப்பு. அப்புறம் தோள். கடைசியா தலை. மெதுவா... ஒவ்வொண்ணா... கீழ இறங்கிப் போறாரு."